பதினான்கு மாதமாய் ஒரே பக்கம்

சபையில் அவருக்குப் பெயர் 'சொன்னபடி'. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால்தான், பாதி கேலியும் பாதி மரியாதையுமாக. வேதத்தில் சொன்னபடி செய்துவிட்டுத்தான் மனிதர் மறுவேலை பார்ப்பார். அவர் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ஒரு சட்டம் இருந்தது. தினமும் காலையில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் செய்யச் சொல்லி ஏதாவது இருந்தால், அதைச் செய்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். செய்யவில்லை என்றால் மறுநாளும் அதே பக்கம்தான்.

இதனால் நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற பக்கம் வந்தபோது, இருந்த இரண்டு மழைக்கோட்டில் நல்லதை வாசலில் நின்ற காவலாளிக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்ததைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் தும்மினார். அந்நியரை உபசரிக்கச் சொன்ன பக்கத்துக்காக, மீட்டர் பார்க்க வந்த மின்சார ஊழியரைப் பிடித்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது தயங்கித்தான் நுழைகிறார். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று நீண்டுகொண்டே போகும் பக்கங்கள் வந்தால் மட்டும் சொன்னபடிக்கு ஒரே சந்தோஷம். "இதுல நாம செய்ய ஒண்ணுமில்லை. பெத்துக்கிட்டது எல்லாம் அவங்க" என்று சொல்லி மடமடவென்று திருப்பிவிடுவார்.

இப்பேர்ப்பட்டவர் பதினான்கு மாதமாக ஒரே பக்கத்தில் நிற்கிறார். வீட்டுக்காரம்மாவைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

அது மலைமேல் சொன்ன பிரசங்கம் வரும் பக்கம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவன், சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டும், ஒப்புரவாக வேண்டும், அதன்பிறகு வந்து கொடுக்க வேண்டும். சுற்றி வளைக்காத கட்டளை, சின்னப் பிள்ளைக்கும் புரியும். சொன்னபடிக்கு ஒரே ஒரு தம்பிதான். அந்தத் தம்பியோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

தினமும் காலையில் அந்தப் பக்கத்தை வாசிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அவன்தான் முதல்ல வரணும்" என்பார். புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்தைத் திருப்பாததால் சட்டத்தை மீறவில்லை என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. செய்யாமலே திருப்புகிறவர்கள் எத்தனை பேர், நான் அப்படி இல்லையே என்று நினைத்துக்கொள்வார். மனிதனுக்குச் சப்பைக்கட்டு கட்ட ஒரு முழம் கயிறு போதும்.

நடந்தது இதுதான். அண்ணனும் தம்பியும் ஒன்பது மாடி மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்குகள். மாதக் கடைசியில் எல்லா லிஃப்டையும் சோதித்து, மொட்டை மாடி மெஷின் ரூமில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதம், "மேல பிரேக்கை நான் பார்த்துக்கறேன், நீ கதவுகளைப் பாரு" என்று சொன்னவர் அண்ணன். முழங்கால் வலி, ஒன்பது மாடிக்கு மேல் இன்னும் ஒரு இரும்பு ஏணி. போன மாதம் நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்து அவர் ஏறவே இல்லை. கீழே இறங்கி வந்த தம்பியிடம் "பார்த்தாச்சு" என்றார். அண்ணன் சொன்னால் சரி என்று தம்பி மேலே போய் அட்டையில் தன் கையெழுத்தைப் போட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து, இரண்டாம் எண் லிஃப்ட் ஐந்தாவது மாடியில் கதவு திறந்து நிற்கும்போதே மெல்ல நழுவி அரை மாடி இறங்கியது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளியும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. பிரேக்கில் உராயும் லைனிங் பட்டை தேய்ந்து காகிதமாகியிருந்தது. விசாரணையில் பிரேக்கை யார் பார்த்தது என்று கேட்டார்கள். "அண்ணன் பார்த்துட்டேன்னு சொன்னார்" என்றான் தம்பி. எல்லோரும் சொன்னபடியைப் பார்த்தார்கள். அவர், "எனக்கு அப்படிச் சொன்னதா நினைவில்லை" என்றார். 'ஆமா, சொன்னேன்' என்று இரண்டே வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் நான்கு வார்த்தை சொன்னார். தம்பியின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பத்தொன்பது வருடம் லிஃப்ட் கயிற்றைத் தொட்டே அதன் வயதைச் சொன்ன கை, இப்போது பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறது.

சொன்னபடி வீட்டில் சொல்லி வைத்திருந்த கதை வேறு. தம்பி கவனக்குறைவாக இருந்தான், மாட்டிக்கொண்டதும் பழியை அண்ணன் மேல் போடப் பார்த்தான், ரோஷத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டான் என்பது அந்தக் கதை.

ஒன்பது நாளுக்கு முன்னால் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. இரண்டு வருடம் முடிவதால் அந்தக் கோப்பை மூடப் போகிறார்கள். மூடிவிட்டால் தம்பியின் லைசென்ஸ் ஒரேயடியாக ரத்து. சாட்சியான உங்களுக்குச் சொல்வதற்கு வேறு ஏதாவது இருந்தால் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் தரவும். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றினார்.

புதன்கிழமை காலை, இருவரும் சமையலறை மேசையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவர். யாருக்கு எத்தனை மணி என்று குறித்துக் குறித்தே பழகியவர். மாமனார் சட்டமெல்லாம் அவருக்கு ஒத்துவராது. சபையில் கொடுத்த அட்டவணைப்படி தினமும் வாசித்து டிக் போடுவார். அன்றைக்கு டிக் போடாமல் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு எனக்கு எந்தப் பகுதி தெரியுமா? உங்க பக்கம்."

"அப்படியா?" என்றார் அவர்.

"போன வருஷம் நான் முதல் பக்கத்துல ஆரம்பிச்சப்போ நீங்க இங்க நின்னீங்க. நான் பேழையில ஏறி, கடலைத் தாண்டி, வனாந்தரத்துல நாப்பது வருஷம் சுத்தி, சிறையாப் போயி, திரும்பியும் வந்துட்டேன். நீங்க இன்னும் இங்கயே நிக்கிறீங்க."

"திருப்பலையே நான். சட்டம் அப்படி."

"அது கிடக்கட்டும். இதுல எனக்கு ஒண்ணு புரியலை." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்த இடத்தை நிதானமாக இன்னொரு தரம் மனசுக்குள் வாசித்தார். "உங்களுக்கு அவர் மேல குறை இருந்தா போன்னு இதுல இல்லையேங்க. அவருக்கு உங்க மேல குறை இருக்குன்னு உங்களுக்கே நினைவு வந்தா போன்னுதான் இருக்கு. தப்பு செஞ்சது கொழுந்தனார்னுதானே சொன்னீங்க? அப்போ அவருக்கு உங்க மேல என்ன குறை?"

வீட்டுக்காரம்மா கேட்டதில் குத்தல் ஒன்றுமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் சொன்னபடியை அடித்துப் போட்டது. பதினான்கு மாதம், நானூறு தடவைக்கு மேல் அந்த வரியைக் கண்ணால் தடவியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தம்பியின் குற்றத்தை மட்டும்தான் அதில் வாசித்திருக்கிறார். டம்ளரை எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை, அப்படியே வைத்தார். "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மருத்துவமனைக்குப் போனதும் அவர் நேராக மெஷின் ரூமுக்கு ஏறினார். லிஃப்ட் நழுவியதிலிருந்து ஒரு மாதம்கூட அந்த ஏணியை அவர் விட்டதில்லை. முழங்கால் வலித்தாலும் ஏறுவார். அதைச் செய்தால் இது சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டாம் எண் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கைத் திறந்து லைனிங்கை அளந்தார். புதிது போல இருந்தது. அட்டையில் கையெழுத்துப் போடப் போனவரின் கை நின்றது. 'நினைவு வந்தால்' என்றுதானே எழுதியிருக்கிறது? நினைவில்லை என்று சொன்னவன் தினமும் காலையில் அந்தப் பக்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

கருவிப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுத ஆரம்பித்தார். முதல் வரி எழுதவே அரை மணி நேரம் ஆனது. அன்று பிரேக்கைச் சோதிக்க வேண்டியவன் நான். நான் சோதிக்கவில்லை. சோதித்துவிட்டதாக என் தம்பியிடம் சொன்னேன். அதை நம்பி அவன் கையெழுத்திட்டான். எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடும் உரிமை போகும். வேலையே போகலாம். சபையில் யார் முகத்தில் விழிப்பது? அதைவிட, வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

மத்தியானம் வீட்டுக்குப் போய் முதலில் அந்த முகத்தில்தான் விழித்தார். எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரம்மா மேசையின் விளிம்பையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என் ஓரகத்தி ரெண்டு தடவை போன் பண்ணா. நான் எடுக்கலை. உங்களுக்காக எடுக்கலை" என்றார் கடைசியில்.

"தப்புதான்."

"தினமும் என் எதிர்ல உட்கார்ந்துதான் அதை வாசிச்சீங்க."

"ஆமா."

"திருப்பாம இருந்ததையே கீழ்ப்படிதல்னு வச்சுக்கிட்டீங்க." வீட்டுக்காரம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது சொன்னபடிக்கு. "என்கிட்ட ஏன் நின்னுட்டிருக்கீங்க? போங்க."

"போனா அவன் என்ன சொல்வானோ. கதவைச் சாத்தினா?"

வீட்டுக்காரம்மா புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் தள்ளினார். "போனா அவர் ஏத்துப்பார்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா பாருங்க."

அவர் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. போ என்று மட்டும்தான் இருந்தது. அதற்கு மேல் நடப்பது போகிறவன் கையில் இல்லை, அதைக் கர்த்தர் தன்னிடம் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இத்தனை வருடமும் மழைக்கோட்டையும் சாப்பாட்டையும் கொடுத்து அவர் செய்த கீழ்ப்படிதலில் முடிவு முன்கூட்டியே தெரியும். கொடுத்தால் தும்மல் வரும், அவ்வளவுதான். முடிவு தெரியாமல் ஒரு அடி எடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டினார். "வரட்டுமா?" என்று கேட்டார். ஜன்னலிலிருந்து அவர் தெருமுனை திரும்பும் வரை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிப்போவில் தம்பி ஒரு பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை பேன்ட் நனைந்திருந்தது. தலையில் நரை கூடியிருந்தது. அண்ணனைப் பார்த்தான், குழாயை நிறுத்தவில்லை. சொன்னபடி, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். பிரேக்கைப் பார்க்காததை, பார்த்ததாகச் சொன்னதை, விசாரணையில் மறந்தவன் போல நடித்ததை. அந்தப் பக்கம் போன ஒரு டிரைவர் நின்று கேட்டுவிட்டு நகர்ந்தார். கேட்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

"முடிஞ்சுதா?" என்றான் தம்பி.

"முடிஞ்சுது. என்னை மன்னிச்சிடுடா."

"இந்த வண்டி அஞ்சு மணிக்குப் போகணும்." மிச்சமிருந்த சக்கரத்தையும் கழுவி முடித்தான். குழாயைச் சுருட்டி மாட்டினான். அப்புறம்தான் அண்ணன் முகத்தைப் பார்த்தான். "இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சதுதானே. என் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுங்க."

"அவளுக்குத் தெரியாதா? நீ சொல்லலையா?"

"சொன்னேன். அன்னிக்கே சொன்னேன். 'வேதத்துல படிச்சதைச் செய்யாம பக்கத்தைத் திருப்பாத மனுஷன், அவர் எதுக்குப் பொய் சொல்லப் போறார்'னு கேட்டா." தம்பி கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் ரெண்டு பக்கத்தை ஒண்ணா திருப்புற ஆளு. எல்லாருக்கும் தெரியும்."

தன் பொய்க்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று சொன்னபடி ஒருநாளும் யோசித்ததில்லை. தினமும் காலையில் திறந்த புத்தகம் கொடுத்த பலம் அது. அந்த நல்ல பேரை வைத்துத்தான் தம்பியை அவன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாக்கியிருக்கிறார்.

டிப்போவிலிருந்து வீடு பத்து நிமிட நடை. தம்பியின் ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

தம்பி மனைவி முன்னறையில் தையல் மெஷினில் ஒரு கால்சட்டையின் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னபடியைக் கண்டதும் பதறி எழுந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க மாமா, வாங்க. கடைசியில நீங்களே இறங்கி வந்துட்டீங்க. இவர்தான் உங்களைத் தேடி வந்திருக்கணும்."

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சொன்னபடி உட்காரவில்லை.

"நீ நினைக்கிற மாதிரி இல்லைம்மா. பிரேக்கைப் பார்க்காதது நான். பார்த்தேன்னு இவன்கிட்ட பொய் சொன்னது நான். விசாரணையில கேட்டப்போ எனக்கு எல்லாம் நல்லா நினைவிருந்தது. நினைவில்லைன்னு சொன்னேன். இவன் உன்கிட்ட சொன்னது அத்தனையும் நிஜம்."

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மெஷின் மேல் வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

அவள் அவரைக் கடந்து போய்க் கணவன் எதிரில் நின்றாள். "ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட உங்களைத் திட்டலைன்னு எனக்குள்ள ஒரு பெருமை இருந்தது. ஆனா நம்பவும் இல்லையே நான்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. தம்பி அவள் தோளில் கை வைத்தான். அவள் அழுது முடிக்கிற வரையில் கையை எடுக்கவில்லை. சொன்னபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது, ஆனாலும் மனசுக்குள் எதுவோ இறங்கி லேசானது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலுவலகத்தில் இதைச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து தான் எழுதியதை எடுத்துக் கொடுத்தார். நாளைக் காலையில் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நிற்பேன் என்றார். அவள் சத்தமாக வாசித்தாள். தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். கயிற்றின் ஓசையைக் கேட்கும்போது அவன் அப்படித்தான் தலையைச் சாய்ப்பான்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான். "விசாரணையில நீங்க சொன்னதை எழுதலையே. நினைவில்லைன்னு சொன்னதை."

சொன்னபடி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் அது மட்டும் இல்லை. கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து எழுதும்போது வேண்டுமென்றே விட்டாரா, தானாக விட்டுப்போனதா என்று அவருக்கே தெரியவில்லை. பழக்கம் அப்படி. வெட்கத்தில் காது சுட்டது.

"பேனா இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் துணியில் அளவு குறிக்கும் பேனாவைக் கொடுத்தாள். தையல் மெஷினின் பலகைமேல் காகிதத்தை விரித்துக் குனிந்தார். பலகை வழவழப்பு, காகிதம் நழுவிக்கொண்டே போனது. தம்பி பக்கத்தில் வந்து நின்றான். ஈரம் காயாத இரண்டு விரலால் காகிதத்தின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"எழுதுங்கண்ணா, பிடிச்சிட்டிருக்கேன்" என்றான்.